நடுத்தர விலைக் கேமரா: ஒரு நேர்மையான மதிப்பீடு

கேமரா வாங்க யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, கையில் பிடித்துப் பாருங்கள் என்பதுதான். பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்களை அப்புறம் படித்துக்கொள்ளலாம். உள்ளங்கையில் அது உட்கார வேண்டும்; சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கக் கூடாது. உங்கள் மேஜைமேல் பிளாஸ்டிக் பையில் கிடக்கிறதே, அது இந்த விஷயத்தில் நல்ல கேமரா. பையோடு தூக்கிப் பாருங்கள், லிசென்சியாதா. லென்ஸ் கண்ணாடியில் மட்டும் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் உங்கள் குமாஸ்தா கட்டைவிரலை நேராகக் கண்ணாடிமேல் வைத்துத்தான் அதை வாங்கினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. புதிய இடத்துக்கு வந்தவுடன் குறை சொல்லக் கூடாது.

காப்பிக்கு நன்றி. இலவங்கப்பட்டை கொஞ்சம் தூக்கல், ஆனாலும் நல்ல காப்பி.

நானாகத்தான் வந்தேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். யாரும் என்னைத் தேடவில்லை. எவெலியோவின் சாவு விபத்து என்று இதே அரசு வழக்கறிஞர் அலுவலகம் முடிவு செய்து, முத்திரை குத்தி, கதவைச் சாத்திவிட்டது. நான் வீட்டிலேயே இருந்திருந்தால் இந்நேரம் யாராவது ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்தைப் படமெடுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் ஒரு தவறான தகவல் ஊரெல்லாம் பரவிக்கொண்டிருக்கிறது. அதைத் திருத்த வேறு வழி தெரியவில்லை.

என் பெயர் இலாரியோ மொந்தால்வோ. புந்தா கரீசோவில் பாதிப் பெண்களின் பதினைந்தாம் பிறந்தநாள் கவுன் என் கேமரா வழியாகத்தான் வீட்டுச் சுவருக்குப் போயிருக்கிறது. அது வயிற்றுப் பிழைப்பு. என் உண்மையான வேலை, கேமராக்களைச் சோதித்து இணையத்தில் எழுதுவது. பக்கத்தின் பெயர் ‘நேர்மையான கண்’. தலைநகரில் ஒரு கடை எனக்குப் புதிய கேமராக்களை இரவல் அனுப்பும். நான் மாதக்கணக்கில் பாடாய்ப் படுத்திப் பார்த்துவிட்டு உள்ளது உள்ளபடி எழுதுவேன். ஒருமுறை அவர்கள் அனுப்பிய லென்ஸை ஊறுகாய்ப் பாட்டிலின் அடிப்பாகம் என்று எழுதினேன். ஓராண்டு எதுவும் அனுப்பவில்லை. அதற்காக ஒரு வரியைக்கூட நான் மாற்றவில்லை. என் குணத்தைப் பற்றி நாளை யாராவது உங்களிடம் தவறாகப் பேசினால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேமரா நடுத்தர வசதிக்காரருக்கானது. ஏழையும் இதை வாங்க மாட்டான், பத்திரிகைக்காரனும் வாங்க மாட்டான். பல் மருத்துவர்கள் வாங்குவார்கள். உடம்பு உறுதி, தூறலுக்கும் உப்புக் காற்றுக்கும் தாங்கும். கண் வைத்துப் பார்க்கும் துவாரம் பெரியது, வெளிச்சமானது. பின்பக்கத் திரை மடங்காது, அது குறை. வெளிச்சம் குறைந்தாலும் படம் மணல் மணலாகப் பிரிவதில்லை. அமுக்கிப் பிடித்தால் நொடிக்கு ஏழு படம் எடுக்கும். ஆனால் மூன்று நொடிக்கு மேல் மூச்சு வாங்கும். எடுத்ததையெல்லாம் கார்டில் எழுதி முடிக்கும்வரை அடுத்த படத்துக்குக் காத்திருக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயம் வழக்குக்கு முக்கியம்.

படத்தின் கூர்மையைத் தானாகவே சரிசெய்யும் ஆட்டோஃபோகஸ், ஓடுகிற பொருளை எப்படித் துரத்துகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. மற்ற ஊர்க்காரர்கள் நாயை ஓடவிட்டுச் சோதிப்பார்கள். எங்களுக்குத் ‘தொண்டை’ என்று ஓர் இடம் இருக்கிறது.

நீங்கள் மாற்றலாகி வந்தவர், ஒருவேளை இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள். குன்று இரண்டாகப் பிளந்து, நடுவில் கடல் நுழைந்து வெளியேறும் சந்து. அலை வந்தால் சந்து நிறையும். அலை திரும்பினால் அடியில் இருக்கும் மேசைப் பாறை மொட்டையாக வெளியே தெரியும். மேலிருந்து குதிக்கிறவனுக்கு அலை வருவது தெரியாது. குன்றின் தோள் மறைக்கும். அதனால் கீழே ஒரு திட்டில் ஒருவர் நின்று கடலைப் பார்த்து, நேரம் வந்ததும் ‘இப்போ’ என்று கத்துவார். மேலே நிற்பவன் யோசிக்க மாட்டான். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் காலை எடுத்துவிடுவான்.

குதிக்கிறவர் எவெலியோ. கத்துகிறவர் அவருடைய தாய்மாமன் தோன் சிரிலோ. எவெலியோவின் மகள் சித்லாலிக்கு நான் ஞானத்தகப்பன். அதனால் நானும் எவெலியோவும் ஒருவரையொருவர் ‘கொம்பாத்ரே’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

சோதனைக்கு அவர் முகம் சுளிக்காமல் ஒத்துழைத்தார். இதை நன்றியோடு சொல்கிறேன். சுற்றுலாக்காரர்கள் இல்லாத வார நாட்களிலும் எனக்காக ஏறினார். மேலே பார்வை மேடைக்குப் பக்கத்தில் கரியடுப்பில் மீன் வாட்டி விற்கும் அவர் மனைவி நோர்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

“இலாரியோ, அந்த மனுஷன் என்ன தவளையா? எத்தன தடவதான் குதிக்கச் சொல்லுவீங்க? படம் சரியா விழலேன்னா உங்க பெட்டியப் புடிச்சுக் குதிக்க விடுங்க!”

எவெலியோ சொட்டச் சொட்ட ஏறி வந்துகொண்டே சொன்னார்: “விடுடி. கொம்பாத்ரே புதுப் பொம்ம வாங்கியிருக்காரு. வெளையாடட்டும்.”

“வாங்கல. இரவல்” என்றேன். நான் எப்போதும் இதைச் சொல்லிவிடுவேன்.

“இரவல் பொம்மையா? அப்ப ஒடைக்காம வெளையாடுங்க” என்று சொல்லிவிட்டு, அடுப்பிலிருந்து ஒரு துண்டு மீனைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, நோர்மா கையால் முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டு, மறுபடியும் ஏறினார்.

சோதனை முடிவு இப்படி: மேலே அவர் கால் எடுக்கும் படம் கூர்மை. நடுவானில் கை விரித்த படம் பெரும்பாலும் கூர்மை. தண்ணீரைத் தொடும் படம் ஒவ்வொரு முறையும் மங்கல். கேமரா அவரை விட்டுவிட்டு நுரையைப் பிடித்துக்கொள்ளும். எத்தனை முறை குதித்தாலும் இதே கதை. உள்ளதை அப்படியே எழுதி, படங்களையும் போட்டேன். குவாதலஹாராவிலிருந்து ஒருவர் அடியில் எழுதினார்: “உங்க படத்துல எதுவுமே நடக்கறதில்லயே சார். ஆளு குதிக்கறாரு, தண்ணிக்குள்ள போறாரு. அவ்ளோதானே? இதுக்கு என் போனே போதும்.” அதற்கு எண்ணூறு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள்.

நான் அவர்மேல் கோபப்படவில்லை. விமர்சகன் விமர்சனத்தை ஏற்க வேண்டும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதுதான் என்னை யோசிக்கவைத்தது.

படங்களை எவெலியோவிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

“இது யாரு, நானா?”

“நீங்கதான்.”

“மூஞ்சியே இல்லையே கொம்பாத்ரே. செவுத்துல ஒட்டுன பல்லி மாதிரில்ல இருக்கேன்.” பிறகு என்னை வீட்டுக்குள் கூட்டிப்போய் டிவிக்கு மேலே மாட்டியிருந்த ஒரு படத்தைக் காட்டினார். மோந்தெரேயிலிருந்து வந்த யாரோ ஒரு பெண் போனில் எடுத்தது. குதித்து ஏறி வந்தவர், ஈரத் தலையோடு மாங்காய் தின்றுகொண்டு சிரிக்கிறார். “இதப் பாருங்க. இதுல நான் இருக்கேன்.”

அந்தப் படத்தில் ஃபோகஸ் அவர் காதில் இருந்தது. அடிவானம் சாய்ந்திருந்தது. சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். இருபது வருடமாக நான் அந்த வீட்டுக்குக் கொடுத்த படங்கள் அலமாரியில் துணிக்கு அடியில் இருந்தன. நான் புண்பட்டதாக எழுதாதீர்கள். ரசனை அவரவர் பாடு.

ஆனால் ஒரு தொழில்நுட்பச் சிக்கலாக இதை யோசித்துக்கொண்டே இருந்தேன். கேமராமேல் தப்பில்லை. அது துரத்த முயல்கிறது. எங்கே போய்ச் சேரும் என்று தெரியாத பொருளை யார்தான் துரத்த முடியும்? எவெலியோ ஒவ்வொரு முறையும் தண்ணீரில் ஒவ்வோர் இடத்தில் விழுந்தார். ஒருவன் எங்கே வந்து சேர்வான் என்பது முன்கூட்டியே நிச்சயமாகத் தெரிந்தால், அந்த இடத்தில் ஃபோகஸை வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். இது ஆரம்பப் பாடம். ஓட்டப்பந்தயத்தில் முடிவுக் கோட்டில் எல்லோரும் அப்படித்தான் எடுக்கிறார்கள்.

அதனால் அவரிடமே கேட்டேன். மறைக்கவில்லை. மேசைப் பாறைக்குக் கொஞ்சம் கிட்ட விழ முடியுமா என்றேன். எனக்கு ஓர் அடையாளம் கிடைக்கும் அல்லவா.

அவர் சிரித்த சிரிப்பில் குடித்துக்கொண்டிருந்த புளிச்சாறு மூக்கில் ஏறிவிட்டது. “கிட்டன்னா எவ்ளோ கிட்ட? அது மேலயே ஏறி உக்காரட்டுமா?”

“கொஞ்சம்தான்.”

சிரிப்பு அடங்கிய பிறகு சொன்னார்: “எங்கப்பா ஒரு தடவ கிட்டப் போனாரு. அதுக்கப்புறம் சாகறவரைக்கும் நாற்காலிதான். கடல் சொல்றத மாமா சொல்லுவாரு, மாமா சொல்றத நான் கேப்பேன். உங்க பெட்டி சொல்றதெல்லாம் கேக்க மாட்டேன், கொம்பாத்ரே. கோவிச்சுக்காதீங்க.”

நான் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் எனக்கு ஒரு தகவல் தந்தார் என்றே எடுத்துக்கொண்டேன். மாமா சொல்வதைக் கேட்பார்.

தோன் சிரிலோவுக்குக் கடைவாய்ப் பல் வீங்கியிருந்தது. இது நான் கட்டிய கதை அல்ல; உண்மையாகவே வீங்கியிருந்தது. கன்னத்தில் எலுமிச்சம்பழம் வைத்ததுபோல. அவர் பத்து நாளாகக் கிராம்பை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். பெரிய ஊரில் எனக்குத் தெரிந்த பல் மருத்துவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமையும் பார்ப்பார். என் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர். நான் பேசி நேரம் வாங்கிக்கொடுத்தேன்.

“பல்லு கெடக்கு. ஞாயித்துக்கெழம யாரு கூப்புடுவா?” என்றார் கிழவர், பாதி வாயால்.

“நான் கூப்புடுறேன், தோன் சிரிலோ. இத்தன வருஷமா பக்கத்துலயே நின்னு பாக்குறேனே, தெரியாதா?”

“தண்ணி உள்ள வரும்போது கூப்புடணும். நெறஞ்சதுக்கப்புறம் இல்ல. அவன் கீழ வர்றதுக்கும் அது நெறையறதுக்கும் சரியா இருக்கணும்.”

“தெரியும்.”

“வெளிய போகும்போது வாயே தொறக்கக் கூடாது.”

“தெரியும், தோன் சிரிலோ.”

பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை பிடித்து உட்காரவைத்தேன். வலியிலும் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். பல்லைப் பிடுங்கியதில் அவருக்கு இப்போது நல்ல நிம்மதி. அந்தக் குடும்பத்துக்கு நான் செய்த நன்மைகளும் பதிவில் இருக்கட்டும்.

அன்று மேடையில் கூட்டம் அதிகமில்லை. கேமராவை மூன்றுகால் தாங்கியில் பொருத்தி, கையில் ஒயர் விசையை வைத்துக்கொண்டு, தோன் சிரிலோவின் திட்டில் நின்றேன். சாயங்கால வெயில் சந்துக்குள் கோணலாக இறங்கி, பாறையின் விளிம்பைத் தேன் நிறமாக்கும். அந்த வெளிச்சம் கொஞ்ச நேரம்தான் நிற்கும். எவெலியோ மேலே ஏறி, மாதா சுரூபத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு விளிம்புக்கு வந்தார். என்னைக் குனிந்து பார்த்தார்.

“கொம்பாத்ரே! கடலப் பாருங்க, பெட்டியப் பாக்காதீங்க!”

“கடலத்தான் பாக்குறேன்!” என்றேன்.

அது உண்மை. என் வாழ்நாளில் கடலை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

‘இப்போ’ என்றேன். சத்தமாக, தெளிவாக. அவர் கால் எடுத்தார். கீழே தண்ணீர் இல்லை.

கேமரா மிகச் சிறப்பாக வேலை செய்தது. ஷட்டரின் சத்தம் ஒரே சீராக இருந்தது. நிழலும் வெயிலும் கலந்த இடத்தில் வெளிச்ச அளவு ஏறுமாறாகப் போகும் என்று பயந்தேன், போகவில்லை. நிறங்கள் இயல்பாக இருந்தன. சிவப்பு மட்டும் கொஞ்சம் மிகை. இந்த விலையில் எல்லாக் கேமராக்களிலும் அந்தக் குறை உண்டு.

நான் ஏன் உடனே இறங்கி ஓடவில்லை என்று ஒரு காவலர் அப்போதே கேட்டார். கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கேமராவை விட்டுவிட்டுப் போகக் கூடாது. சிவப்பு விளக்கு அணையும்வரை நின்றேன். அதிர்ச்சியில் உறைந்துவிட்டேன் என்று அவர் எழுதிக்கொண்டார். அவருடைய சொல் அது. என்னுடையது அல்ல.

அடக்கத்துக்குப் பிறகு ஒன்பது நாள் ஜெபம். நான் ஒரு நாளும் தவறவில்லை. எல்லோரும் என்னைத்தான் அதிகம் தேற்றினார்கள். தோன் சிரிலோ ஒரு மூலையில் உட்கார்ந்து, தன் பல்லையே திட்டிக்கொண்டிருந்தார். நோர்மா வேகவைத்த மக்காச்சோள மாவுக் கொழுக்கட்டைத் தட்டோடு என் முன்னால் உட்கார்ந்து, சாப்பிட்டால்தான் எழுந்திருப்பேன் என்றாள்.

“அந்தக் கடல் உங்கள ஏமாத்திருச்சு, இலாரியோ. உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. அப்படி நெனச்சு உள்ளுக்குள்ளயே உருகாதீங்க. அவரு இருந்தா அவரும் இதத்தான் சொல்லுவாரு.”

நான் உருகவில்லை. ஆனால் துக்க வீட்டில் அதை எப்படிச் சொல்வது? சாப்பிட்டேன்.

சித்லாலி வந்து பக்கத்தில் நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. “ஞானப்பா, அப்பாவோட கடைசிப் படம் உங்ககிட்ட இருக்கா?”

“இருக்கும்மா.”

“நல்லா வந்திருக்கா?”

“ரொம்ப நல்லா வந்திருக்கு” என்றேன். அவளிடம் நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை. வருகிற மார்ச்சில் அவளுக்குப் பதினைந்து வயதாகிறது. படமெல்லாம் என் செலவு என்று அன்றே வாக்குக் கொடுத்தேன்.

படத்தை வெளியிடலாமா என்று நோர்மாவிடம் கேட்டுத்தான் வெளியிட்டேன். “அவரு பேரு நெலைக்கும்னா போடுங்க” என்றாள். அவள் அதைப் பார்க்கவில்லை, பார்க்கக் கேட்கவும் இல்லை. எவெலியோவின் முகம் அதில் முழுதாகத் தெரிகிறது. பாறையைப் பார்த்துவிட்ட முகம். பல்லி என்று யாரும் சொல்ல முடியாது.

அதன் பிறகு நடந்ததற்குத்தான் நான் இங்கே வந்திருக்கிறேன்.

படம் உலகமெல்லாம் போனது. நாட்டில் நான் கேள்விப்படாத ஊர்களிலிருந்தெல்லாம் எழுதினார்கள். எதைப் பற்றி எழுதினார்கள் தெரியுமா? “என்ன ஆட்டோஃபோகஸ்!” என்று. “இந்த விலையில் இப்படித் துரத்துகிறதா!” என்று. குவாதலஹாராக்காரர் எழுதினார்: “தலை வணங்குகிறேன். கேமராவுக்கு.” என் பெயரைக்கூடச் சொல்லவில்லை. இரவல் கொடுத்த கடை, படத்தைத் துணிப் பதாகையில் அச்சடித்து வாசலில் தொங்கவிட்டது. அடியில், ‘எதையும் தவறவிடாத கேமரா’.

நான் மறுத்து எழுதினேன். தன்னடக்கம் என்றார்கள். கடைக்குப் போன் செய்தேன். கையிருப்பு தீர்ந்துவிட்டது, இன்னும் வரவழைக்கிறோம் என்று என்னையே வாழ்த்தினார்கள். பிறகு புகார்கள் வர ஆரம்பித்தன. மகன் பந்து விளையாடுவதை எடுக்கிறேன், எல்லாமே மங்கல் என்று ஒரு தாய் எழுதினாள். ‘நேர்மையான கண் என்று பேர் வச்சுக்கிட்டு இப்படி ஏமாத்தலாமா?’ என்று கேட்டிருந்தாள். அதைப் படித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தூக்கம் போனது. மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது, லிசென்சியாதா. யாரோ ஒரு தாய் என்னை நம்பி ஏமாந்திருக்கிறாள்.

ஆகவே மற்ற படங்களையும் கொண்டுவந்திருக்கிறேன். நான் வெளியிட்டது பதினொன்றாவது. அதற்கு முந்தியவற்றை யாரும் பார்க்கவில்லை. இதோ, உங்கள் கணினியில் வரிசையாகத் தட்டுங்கள். முதல் படம்: பாறை. ஆள் இல்லை. இரண்டாவது: பாறை. விளிம்பில் தண்ணீர் வடிந்து இறங்குகிறது. பாசியின் இழை வரைக்கும் தெளிவாக இருக்கிறது, பாருங்கள். மூன்றாவதும் பாறைதான். விசையை அமுக்கியபடிதான் கத்தினேன். முதல் படம் எடுக்கும்போது அவர் இன்னும் மேலேதான் நின்றுகொண்டிருந்தார்.

நீங்கள் தட்டுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, புரிந்துகொண்டீர்கள் என்று தெரிகிறது. உங்கள் கேள்விக்குப் பதில், ஆமாம். அவர் அங்கேதான் வந்து விழுவார் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் வெளியே போவதைப் பார்த்துத்தான் கூப்பிட்டேன். முந்தின நாளே வந்து, அதே வெயிலில், கையால் லென்ஸ் வளையத்தைத் திருப்பி அந்தப் பாறைமேல் ஃபோகஸை வைத்து, அது நகராமல் வளையத்தின்மேல் நாடா ஒட்டியிருந்தேன். கேமரா யாரையும் துரத்தவில்லை. அதன் ஆட்டோஃபோகஸ் அன்று அணைத்தே இருந்தது.

கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், அது உங்கள் துறை. நான் ஆட்சேபிக்க மாட்டேன். ஆனால் பத்திரிகைக்காரர்களிடம் பேசும்போது, அந்தப் படத்தை எடுத்தது நான்தான் என்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.